உப்பில்லாத தண்ணீர்

அந்தக் கோப்பை முழுதாகப் படித்தவர் கல்லூரியின் வேதியியல் துறையில் யாரும் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குக் கைமாற்றிவிட்டுப் போகும் சொத்து அது. கடைசித் தேர்வு முடிந்த அன்று சீனியர்கள் ஒரு மக்ரூன் பொட்டலம் வாங்கி, கூடவே ஒரு பென்டிரைவையும் வைத்து ஜூனியர்கள் கையில் கொடுப்பார்கள். மக்ரூன் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பென்டிரைவில் இருக்கும் கணிப்பொறிக் கோப்பு, மருந்துக் கணக்கை ஓட்டித் தந்து, அடுத்த வருடம் முழுக்க அவர்களுக்காக உழைக்கும்.

கோப்பின் தலையில், அதை முதன்முதலில் எழுதிய கோட்டைச்சாமி என்பவர் ஒரு வரி விட்டுவிட்டுப் போயிருந்தார். 'இதைத் தொடாதே. தொட்டால் ஓடாது.' அதற்குக் கீழே, கோயில் உபயதாரர் பலகை மாதிரி, பேட்சுக்கு ஒருவராக அதைப் பயன்படுத்தியவர்களின் பெயர்கள். பதின்மூன்றாவதாகத் தன் பெயரை அடித்தபோது சந்தனமாரிக்குப் பெருமை பிடிபடவில்லை. மூலக்கூறின் பெயரை மட்டும் மாற்றினாள். மற்ற எதையும் தொடவில்லை. கோப்பும் சொன்ன பேச்சு கேட்டு ஓடியது.

மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதும் முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பதும் நின்று பதினைந்து வருடம் ஆகியிருந்தது. நிகரி என்ற கணிப்பொறி வந்த பிறகு அதற்கெல்லாம் தேவையில்லாமல் போயிற்று. ஒரு மூலக்கூறைக் கொடுத்து, அது உடம்பில் போய் என்ன செய்யும் என்று கேட்டால் நிகரி சொல்லிவிடும். கேட்ட கேள்விக்கு அது தப்பாகப் பதில் சொன்னதாக ஒரு புகார்கூட இல்லை.

பிறகு பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்றால், சட்டம்தான் காரணம். எல்லாவற்றையும் பொறியின் கையில் விட்டுவிடக் கூடாது என்று ஒரு காலத்தில் பெரிய கூச்சல் எழுந்து, எந்த மருந்துக்கும் மனிதர் ஒருவர் சாட்சி நிற்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அந்தச் சாட்சி தன் கையால் நிகரியில் கணக்கை ஓட்ட வேண்டும். மூன்று நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். பெரிய விஞ்ஞானிகளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? கம்பெனிகள் ஊர் ஊராகக் கல்லூரிகளைத் தேடி வந்தன. மாணவருக்கு இறுதியாண்டு ஆராய்ச்சி, கம்பெனிக்கு ஒரு சாட்சி. இரண்டு பேருக்கும் நல்லது என்றுதான் சொன்னார்கள்.

தூத்துக்குடியில் சந்தனமாரி படித்த கல்லூரிக்கு அந்த வருடம் வந்தவற்றில் ஒன்று நிழல் சொட்டு. கண்ணில் ஒரு சொட்டு விட்டால், வெயிலில் கறுத்து, கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி நிழல் தரும். நிழலுக்கு வந்தால் தானாகத் தெளிந்துவிடும். யாருக்கு முதலில் கொடுப்பார்கள் என்று பட்டியலில் பார்த்தாள். உப்பளத் தொழிலாளர்கள் என்று போட்டிருந்தது. எட்டு மூலக்கூறுகள் வரிசையில் இருந்தும் அவள் இதை அடம்பிடித்து வாங்கியதற்கு அதுதான் காரணம். அவள் அம்மா முத்துக்கனி முப்பது வருடமாக உப்பு வாருகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். முத்துக்கனி காலை நீட்டிக்கொண்டு, படத்துக்கு வந்தவள் போல ஆர்வமாகக் கேட்டாள். அளத்து வெளிச்சத்துக்குச் சுருக்கிச் சுருக்கி அவள் கண்ணைச் சுற்றி வரி வரியாகச் சுருக்கம் விழுந்திருந்தது. வீட்டுக்குள்ளேயும் அந்தக் கண் முழுதாகத் திறப்பதில்லை.

"மூலக்கூறு மடங்கி இருக்கும்மா. வெயில் பட்டா விரியும். விரிஞ்சா கருப்பாயிரும். வெயில் போனா திரும்ப மடங்கிரும்."

"போனது திரும்பி வரணும்லா, ஏட்டி?"

"நாப்பது செகண்டுல வந்துரும். நிழலுக்கு வந்து நாப்பது எண்ணு. தெளிஞ்சிரும்."

முத்துக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாற்பது எண்ணினாள். நடுவில் இருபத்தேழை விட்டுவிட்டாள்.

"இவ்வளவுதானா? இது போதும்ட்டி. அங்கன ஒவ்வொருத்தியும் எங்கிட்ட கேக்காளுவ, உன் மவ மருந்து எப்ப வரும்னு. பெட்டி பெட்டியா வந்து ஆபீசு ரூம்ல இறங்கிட்டு. தொடக் கூடாதாம். சாட்சி பேரு மட்டும்தான் பாக்கியாம்."

"வெள்ளிக்கிழமை போட்டுருவாங்கம்மா."

"உன் பேரா போடுவாவ?"

"ஆமா."

முத்துக்கனி நகர்ந்து பக்கத்தில் வந்தாள். மகளின் தலையில் கையை வைத்து ஒரு முறை அழுத்தினாள். உப்பில் வெந்து காய்ந்த உள்ளங்கை.

செவ்வாய்க்கிழமை போஸ்டர் எழுத உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. அந்த வருடம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். கணக்கு எப்படி ஓட்டப்பட்டது என்பதை, கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியமாக, யாருக்கும் புரியும் தமிழில் போஸ்டரின் ஓரத்தில் எழுத வேண்டும். யார் படிக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே சந்தனமாரி ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கோப்பை அப்படி வாசித்த முதல் ஆள் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

பதினான்காவது வரி, மூலக்கூறு எதற்குள் இருக்கிறது என்று நிகரிக்குச் சொல்லும் வரி. 'மூலக்கூறு தண்ணீரில் இருப்பதாக வைத்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர். கண்ணில் எங்கே இருக்கிறது வெறும் தண்ணீர்? கண்ணீரே உப்பு. அம்மாவின் கண்ணிலோ கண்ணீர் மட்டும் இல்லை. காற்றடிக்கும் நாளில் இமை மயிரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்க வீடு திரும்புவாள். முகம் கழுவிய தண்ணீர் வாயில் பட்டால் கரிக்கும். அந்தக் கண்ணுக்குச் செய்யும் மருந்தை உப்பே இல்லாத தண்ணீரில் போட்டுக் கணக்குப் பார்த்து, நாற்பது விநாடி என்று அம்மாவை எண்ணவும் வைத்தாயிற்று. 

நிகரியில் மாணவருக்கு ஒதுக்கிய நேரத்தில் அவளுக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் மிச்சம் இருந்தது. தொடாதே என்ற வரியைத் தாண்டிப் போய்ப் பதினான்காவது வரியைத் தொட்டாள். கோப்பு ஓடியது. கோட்டைச்சாமி பயமுறுத்தியதெல்லாம் சும்மா.

சாதாரணக் கண்ணீரில் ஐம்பத்தைந்து விநாடி. பரவாயில்லை. உப்பளத்துத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சமையல் உப்பு ஒன்றும் செய்யவில்லை. கூடவே இருந்த மக்னீசியம்தான் விரிந்த மூலக்கூறைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை விடவில்லை. முதல் நாள், தெளிவதற்கு ஆறு மணி நேரம். தினமும் விட்டால், தினமும் கொஞ்சம் தெளியாமல் தங்கும். நாற்பதாம் நாள் என்ற கட்டத்தில் நிகரி எண் எதுவும் போடவில்லை. 'மீளவில்லை' என்று மட்டும் போட்டிருந்தது.

அச்செடுத்த தாளோடு ஜெபசிங் சாரின் அறைக்கு ஓடினாள். துறைத் தலைவர், அவளுக்கு கைடு. பன்னிரண்டு பேட்சையும் பார்த்த மனிதர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கோட்டைச்சாமி பண்ணது இருமல் மருந்து. அதுக்குத் தண்ணி போதும். அடுத்தவன் அதையே எடுத்தான். அதுக்கடுத்தவனும் எடுத்தான். நானும் பாக்கல."

"சார், அப்ப மத்தவங்க பண்ணதெல்லாம்?"

"அது ஒண்ணும் கடைக்கு வரலம்மா. எல்லாம் மேல போய்க் கிடக்கு. அதை விடு." தாளை அவளிடம் திருப்பித் தள்ளினார். "இப்ப என்ன செய்யலாம்னு சொல்ற?"

"நிறுத்திடலாம் சார். நான் சாட்சி நிக்கல."

"நீ நிக்கலன்னா உனக்கு ப்ராஜெக்ட் போச்சு, டிகிரி நிக்கும். அது உன் கஷ்டம். ஆனா மருந்து நிக்காது. அடுத்த வாரம் வேற காலேஜுல வேற புள்ள நிக்கும். நம்ம கோப்பு எத்தனை காலேஜுக்குப் போயிருக்குன்னு நினைக்க? அந்தப் புள்ள பதினாலாவது வரியைப் படிக்குமா?"

சந்தனமாரி தாளைக் கையில் எடுத்தாள்.

"நீ நில்லு," என்றார் அவர். "நின்னு உண்மையைச் சொல்லு. படிவத்துல ஏழாவது பகுதின்னு ஒண்ணு இருக்கு. 'குறைகள் இருப்பின் சாட்சி தெரிவிக்கவும்.' இந்த ஊர்ல யாரும் அதை நிரப்புனதே இல்ல. எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நீ எழுது. மேடையிலயும் சொல்லு. அதுக்குத்தானே மூணு பேரு உக்காந்திருக்காங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. அதுதானே சரி. ஓடி ஒளிவதைவிட, எல்லார் முன்னாலும் நின்று இது தப்பு என்று சொல்வதற்குத்தானே சட்டம் போட்டு மனிதரை நிறுத்துகிறார்கள். சாரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் நின்றுவிடப் போகிற மருந்து. அளத்துப் பெண்களிடம் அத்தனை பெருமை அடித்தவளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக எதற்கு அந்த ஏமாற்றம் என்று நினைத்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்த நினைப்பை எடுத்து எடுத்துப் பார்த்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரி அரங்கம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எட்டுப் பிள்ளைகள், எட்டுப் போஸ்டர்கள், இஸ்திரி போட்ட சேலைகள், ஃபேன் காற்றில் படபடக்கும் பேனர். நடுவர்கள் மூவர். அனுமதித் துறையிலிருந்து டாக்டர் மங்கையர்க்கரசி தலைமை. அவருக்கு இடப்பக்கம் கம்பெனியின் ஆள், வலப்பக்கம் மதுரைப் பேராசிரியர் ஒருவர். முதல் நான்கு பேரிடமும் ஒரே மூன்று கேள்வி கேட்டார்கள். நான்கு பேரும் ஒரே மூன்று பதில் சொன்னார்கள். பேராசிரியர் ஒரு கொட்டாவியை விரல்களுக்குப் பின்னால் மறைத்தார்.

ஐந்தாவது சந்தனமாரி. முதல் இரண்டு நிமிடம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னதையே சொன்னாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

"இதுவரைக்கும் நான் சொன்னது வெறும் தண்ணியில நடக்கிறது. இந்த மருந்து போகப் போறது உப்பளத்துக்கு. எங்க அம்மா அங்கதான் வேலை செய்றாங்க. அவங்க கண்ணுல இருக்கிறது வெறும் தண்ணி இல்ல."

கொட்டாவி நின்றது. அடுத்த படத்தைப் போட்டாள். பதினான்காவது வரியைக் காட்டினாள். பன்னிரண்டு வருடம் யாரும் படிக்காமல் விட்ட கதையை, தன்னையும் சேர்த்தே, மறைக்காமல் சொன்னாள். ஆறு மணி நேரத்தைச் சொன்னாள். நாற்பதாம் நாள் கட்டத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இந்த மருந்தை உப்பளத்துல கொடுக்கக் கூடாது. ஏழாவது பகுதியில எழுதியிருக்கேன். இதான் என் சாட்சி."

அவள் திரையை விட்டு நகர்ந்தாள். பிறகு டாக்டர் மங்கையர்க்கரசி கை தட்டினார். அவரைப் பார்த்து மற்ற இருவரும் தட்டினார்கள், அவர்களைப் பார்த்து அரங்கமே தட்டியது. கம்பெனி ஆளும் தட்டியதுதான் சந்தனமாரிக்கு விளங்கவில்லை.

"எட்டு வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்," என்றார் மங்கையர்க்கரசி. கண் கலங்கியே இருந்தது அவருக்கு. "ஏழாவது பகுதியை நிரப்பி நான் பார்த்த முதல் சாட்சி நீங்கதாம்மா. மனித சாட்சின்னா இதுதான்." முன்னால் இருந்த திரையில் எதையோ தொட்டார். பேனரை ஒட்டியிருந்த பெரிய திரையில் பச்சையாக ஒரு வரி எழுந்தது. 'நிழல் சொட்டு. அனுமதி வழங்கப்பட்டது. சாட்சி: மு. சந்தனமாரி.'

தப்பான பட்டனை அழுத்திவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"மேடம், அனுமதின்னு வந்திருக்கு."

"ஆமாம்மா."

"நான் குறை இருக்குன்னுல்ல சொன்னேன்."

"சொன்னீங்க. அதனாலதான்." மங்கையர்க்கரசி குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "குறை இல்லைன்னு எழுதினா, சாட்சி சரியாப் பார்க்கலைன்னு விதி எடுத்துக்கும். ரெண்டாம் பார்வைக்கு அனுப்பிடும். அங்க பார்க்க ஆளே கிடையாது, வருசக் கணக்கா கிடக்கும். குறையைக் கண்டுபிடிச்சு எழுதினா, நிஜமாவே ஒரு மனுசர் பார்த்திருக்கார்னு அர்த்தம். நேரா அனுமதி."

"ஆனா குறை அப்படியே இருக்கே மேடம்."

"அதான் தெரிவிச்சிட்டீங்களே. பதிவேட்டுல இருக்கு. யார் வேணா போய்ப் படிக்கலாம்."

"அளத்துல கொடுக்கக் கூடாதுன்னு..."

"எங்க கொடுக்கிறதுங்கிறது விநியோகத் துறை. நாங்க மூலக்கூறை மட்டும்தான் பார்க்க முடியும்." அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. மீதி மூவரும் பேசி முடிக்கும்வரை ஒன்றரை மணி நேரம் அவளை மேடையிலேயே உட்கார வைத்து, கடைசியில் அந்த வருடத்தின் சிறந்த ஆராய்ச்சிக்கான கேடயத்தை எடுத்து அவள் கையில் வைத்து, போட்டோவுக்காக அவள் தோளைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினார்.

மேடையை விட்டு இறங்கியவள் நேராக ஜெபசிங் சாரிடம் போனாள். அவர் அரங்கத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி ஆள் அப்போதுதான் அவர் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

"சார், ஏழாவது பகுதி எழுதினா நேரா அனுமதின்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"பன்னெண்டு பேட்ச்சு. ஒரு மருந்துகூட வெளிய வரல. இன்னொரு வருசம் இப்படிப் போனா இந்தத் துறையையே மூடிருவாங்கம்மா."

"தெரியுமா சார்?"

"நீ உண்மையைத்தானே சொன்ன," என்றார் அவர். "நான் பொய் சொல்லச் சொல்லலயே."

அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. கேடயத்தை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து போனை எடுத்தாள். அம்மாவுக்கு அடிக்க வேண்டும். அளத்து ஆபீஸுக்கு அடிக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்க எப்படியும் இரண்டு மூன்று நாளாவது ஆகும், சர்க்கார் காரியம் அவ்வளவு வேகமாக நடக்காது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். சர்க்கார் காரியத்தை இப்போதெல்லாம் நிகரிதான் நடத்துகிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

அடிப்பதற்குள் போனே அடித்தது. அம்மா.

"ஏட்டி மாரி." காற்றுச் சத்தத்துக்கு மேலே முத்துக்கனி கத்திப் பேசினாள். பின்னால் பெண்களின் சிரிப்பு. "உன் மருந்து வந்துட்டு. ஒரு மணி நேரத்துக்கு முன்ன நர்சம்மா பெட்டியைப் பிரிச்சாவ. புட்டில உன் பேரை அச்சடிச்சு ஒட்டியிருக்குட்டி. எழுத்துக் கூட்டி நானே வாசிச்சேன். மு போட்டு என் பேரும் சேந்துல்லா வருது."

"அம்மா, அதை விட்டியா?"

"நான்தானே மொதல்ல விட்டேன். எல்லாவளும் பயந்துக்கிட்டு நின்னாளுவ. எம்மவ சாட்சி சொன்ன மருந்துட்டின்னு சொல்லி நான் விட்டேன். பொறவு எல்லாரும் வரிசையில வந்துட்டாளுவ, எழுவது பேரு." குரல் தாழ்ந்தது. "எவ்வளவு குளுமையா இருக்கு தெரியுமா மக்கா. முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் அளத்தைக் கண்ணைத் தொறந்து பாக்கேன். வெள்ளை வெளேர்னு, என்ன அழகுங்கிற. இது தெரியாம போச்சே இத்தனை நாளும்."

சந்தனமாரி சுவரில் சாய்ந்துகொண்டாள். முதல் நாள்தான், ஒரு சொட்டுதான், ஆறு மணி நேரத்தில் தெளிந்துவிடும் என்று கணக்கு சொல்லியிருந்தது. கணக்கில் இப்போது எந்த வரியை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. கண்ணைத் தேய்க்காத. ஆபீசு ரூமுக்குள்ள போ."

"இப்ப எதுக்குட்டி, இன்னும் ரெண்டு பாத்தி கெடக்கு."

"போம்மா."

சரளைக் கல்லில் செருப்பு நடக்கும் சத்தம் கேட்டது. காற்றுச் சத்தம் குறைந்தது. கதவு ஒன்று கிறீச்சிட்டது.

"ம், உள்ள வந்துட்டேன். என்ன செய்யணும்?"

"நாப்பது எண்ணு."

முத்துக்கனி சிரித்துவிட்டு எண்ணத் தொடங்கினாள். மகளும் கூடவே, உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள். இந்த முறை முத்துக்கனி இருபத்தேழை விடவில்லை. நாற்பது வந்தது. நாற்பத்தைந்து வந்தது. ஐம்பத்தைந்தும் தாண்டிய பிறகு எண்ணுவது நின்றது.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலயேட்டி. லைட்டு போடாம இருட்டடிச்சுக் கெடக்கு."

"அங்க யாரும் இருக்காங்களா?"

"நர்சம்மா இருக்காவ. மூச்சு விடுத சத்தம் கேக்கு."

"லைட்டு எரியுதான்னு அவங்ககிட்ட கேளும்மா."

போனைக் காதிலிருந்து எடுத்து முத்துக்கனி யாரிடமோ கேட்பது கேட்டது. அந்தப் பக்கம் ஒரு குரல் ஏதோ சொன்னது. திரும்பப் போன் காதுக்கு வர வெகு நேரம் பிடித்தது.

"எரியுதாம்," என்றாள் முத்துக்கனி.